ட்ரெலோர் பண்ணையில் கேட்காத குரல்

ஆல்வின் ட்ரெலோர் வந்தபோது, இன்கிரிட் வாஸ்பர் வீட்டின் பின்புறத்தில் சாய்த்துக் கிடத்தியிருந்த ஆன்டெனா கோபுரத்தின் போல்ட்டுகளுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். அலைவரிசைத் தகராறுகளை விசாரிக்கும் அரசாங்க வேலையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பக்கத்தில் ஸ்பேனரோடு நின்ற, பசிபிக் தீவான டோங்காவிலிருந்து வந்த தெவிட்டா மோவாலாவுக்குக் கூரைத் தகடு வேலை. துப்புத் துலக்குவது என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுவான்.

"வில்லம்பராவுல என்கிட்ட யாரும் பேசறதில்லை," என்றார் ஆல்வின், உட்காராமலே. "பேக்கரியில நான் நுழைஞ்சா வெளியே போயிடறாங்க. எங்க அண்ணன் கார்பீல்டே என்னைக் கொலைகாரன்கிறான்."

பிப்ரவரிக் காட்டுத்தீ எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்று தொலைபேசிகள் செத்துவிட்டன. ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் சங்கத்தின் குன்றுமேல் நிலையத்தில் ஆல்வின் உட்கார்ந்திருந்தார். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்த ரோடு திறந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். பள்ளத்தாக்குப் பண்ணையில் கார்பீல்டின் மனைவி நோரீன் தன் வானொலியோடு இருந்தாள். அவளும் உரிமம் வாங்கியவள். அங்கிருந்த கம்பத்தை நிறுத்தி, கேபிள் இழுத்து, ஆன்டெனா கட்டியதெல்லாம் அவள் கைதான். வீட்டோடு சேர்ந்து அவளும் எரிந்துபோனாள்.

"நோரீனைக் கிழக்கு ரோட்டுல போகச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன், இன்கிரிட். பதிலே வரலை. நான் குடிச்சிட்டுத் தூங்கிட்டேன்னு ஊர்ல பேசறாங்க."

"உங்க அண்ணன் சரியா என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்க."

"ஆடுகளை ஓட்டப் போறதுக்கு முன்னாடி அவ பக்கத்துல நின்னானாம். 'பெட்டியிலேர்ந்து ஒரு பொட்டு சத்தம் வரலை. இரைச்சல்கூட இல்லை. அவன் அங்கே உக்காந்தே இருக்கலை'ன்னு கூட்டத்துல சொன்னான்."

கிரீஸ் துணியைக் கீழே வைத்தார் வாஸ்பர். "இரைச்சல்கூட இல்லையா?"

"அப்படித்தான் சொன்னான்."

தெவிட்டா பரபரத்தான். "பாஸ், முதல்ல இவரோட கோபுரத்தை ஏறிப் பாத்துடலாமா?"

"வேண்டாம். அன்னைக்கு இவர் கத்தினது எங்கேயோ இருக்கிற ப்ரோக்கன் ஹில் வரைக்கும் கேட்டிருக்கு. அங்கே ஒருத்தர் கேட்டதா எனக்கே சொன்னார். நாம பாக்க வேண்டியது பண்ணையை."

பண்ணையில் வீடு இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் நின்றது. கார்பீல்ட் பக்கத்தில் ஒரு கேரவனில் குடியிருந்தார். தம்பியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வாஸ்பருக்குக் கெட்டிலை அடுப்பில் வைத்தார்.

ஆட்டுப்பட்டிக்குப் போகும் பாதையோரம், வீட்டிலிருந்து தள்ளி, நோரீனின் கம்பம் நெருப்புக்குத் தப்பி நின்றிருந்தது. கம்பத்தைத் தாங்கிய இழுகம்பிகள்கூடத் தளரவில்லை. தெவிட்டா அதைப் பார்த்துக்கொள்ள, வாஸ்பர் சாம்பலுக்குள் நடந்தார். மேசை இருந்த இடத்தில் வானொலியின் உருகிய உடல் கிடந்தது. அதன் மேல்மூடி சற்றுத் தள்ளித் தனியாகக் கிடந்தது. குனிந்து கிளறினார். ஒரு ஜாம் புட்டியின் தகர மூடிக்குள் சின்னத் திருகாணிகள் சேர்ந்து கிடந்தன. பக்கத்தில் பிடி எரிந்துபோன ஸ்க்ரூடிரைவர்.

"பாஸ்!" கம்பத்தடியிலிருந்து தெவிட்டா கத்தினான். "எரிஞ்ச முனையை வெட்டிட்டேன், மேலே ஆன்டெனாவையும் கழட்டிட்டேன். மிச்ச கேபிள் முழுசா நல்லாயிருக்கு. ஆனா ஒட்டவே கூடாத உள்கம்பியும் வெளிவலையும் எங்கேயோ ஒட்டுது. மீட்டர் கத்துது!"

வாஸ்பர் கேபிளை விரல்களால் தடவிக்கொண்டே வந்தார். இடுப்பு உயரத்தில், கறுப்பு நாடா சுற்றிய ஓர் இடத்தில் விரல் நின்றது. அந்த நாடாவையும் கேபிளின் மற்ற ஒட்டுகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மெல்லப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு தெவிட்டாவோடு கேரவன் வாசலுக்கு வந்தார்.

கெட்டில் விசிலடித்தது. யாரும் உள்ளே போகவில்லை.

"கார்பீல்ட், நான் சொல்லிட்டு வரேன். தப்புன்னா நிறுத்துங்க," என்றார் வாஸ்பர். "சிற்றலையில யாருமே பேசலைன்னாலும் பெட்டி சும்மா இருக்காது. தூரத்து இடி, வானத்து இரைச்சல் எல்லாம் சேர்ந்து கொதிக்கிற எண்ணெய் மாதிரி சடசடக்கும். ஆல்வின் தூங்கியிருந்தாலும் நோரீனுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கணும். அதுகூட இல்லைன்னு நீங்களே சொன்னீங்க. அப்போ பழுது குன்றுமேல இல்லை, இங்கே."

"பெட்டி கெட்டுப்போயிருக்கும்," என்றார் கார்பீல்ட்.

"நோரீனும் அப்படித்தான் நினைச்சா. மூடியைக் கழட்டி, திருகாணி தொலைஞ்சுடக் கூடாதுன்னு தகர மூடியில போட்டு வெச்சு, ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்தா. ஆனா கெட்டது பெட்டி இல்லை." உள்ளங்கையை விரித்தார். ஒடித்த சின்ன ஊசி ஒன்று அதில் மின்னியது. "ஆட்டுக்குத் தடுப்பூசி போடுற ஊசி. கேபிளுக்குள்ள குறுக்கே குத்தி, தலையை ஒடிச்சிட்டு, மேலே நாடா சுத்தியிருக்கு. ஊசி இருக்கிற வரைக்கும் மேலேர்ந்து வர்ற எந்தக் குரலும் பெட்டிக்குப் போகாது."

"அவளே ஏதாவது ஒட்டுப் போட்டிருப்பா."

"நாடாவைப் பாத்தேன். நோரீன் கீழேர்ந்து மேலே சுத்துவா. அப்பத்தான் கூரை ஓடு மாதிரி மழைத்தண்ணி வழிஞ்சு போகும். அவ போட்ட மத்த ஒட்டெல்லாம் அப்படித்தான் இருக்கு. இது ஒண்ணுதான் மேலேர்ந்து கீழே சுத்தினது. கம்பத்து வேலை தெரியாத கை. இந்தப் பண்ணையில அப்படிப்பட்ட கை ஒண்ணுதான் இருந்துது."

கார்பீல்ட் கேரவன் படிக்கட்டில் உட்கார்ந்தார். அவர் பேசத் தொடங்கியபோது தம்பியைப் பார்க்கவில்லை.

"தினம் சாயங்காலம். என்கூட நாலு வார்த்தை பேசமாட்டா. அந்தப் பெட்டி முன்னாடி உக்காந்து இவன்கூடப் பேசினா சிரிப்பு. ஒரு வாரம் பேசாம இருக்கட்டும்னு முந்தின நாள்தான் குத்தினேன். தீ வரும்னு கண்டேனா?"

"தீ தெரிஞ்சப்புறம்?" என்றான் தெவிட்டா.

"கிழக்கு ரோட்டுல போயிடுன்னுதான் நானும் சொன்னேன். கேக்கலை. 'கொஞ்சம் இரு, இதைச் சரி பண்ணிட்டா எந்த ரோடுன்னு ஆல்வின் சொல்லிடுவான்'னா. ஆட்டைத் திறந்துவிடப் போற வழியிலதான் கம்பம். ஊசியைப் பிடுங்கியிருக்கலாம். நாடா வரைக்கும் கை போச்சு. நான் சொன்னா கேக்கமாட்டா, அவன் சொன்னாத்தான் கேப்பாளான்னு ஒரு வீம்பு. திரும்பி வந்து பாத்துக்கலாம்னு போயிட்டேன்." தனியாக நின்ற புகைபோக்கியைப் பார்த்தார். "திரும்பறதுக்குள்ள காத்து மாறிடுச்சு."

ஆல்வின் அண்ணனுக்கு எதிரே வந்து நின்றார்.

"என்ன பேசினோம்னு ஒரு நாளாவது கேட்டியா? மழை எவ்வளவு பெஞ்சுது, இழுகம்பி துரு பிடிக்குது, உனக்கு முழங்கால் வலி அதிகமாயிடுச்சு, டாக்டர்கிட்ட வரமாட்டேங்கிறே. இதான். யார் வேணும்னாலும் கேக்கலாம், கார்பீல்ட். பெட்டி வெச்சிருக்கிறவன் எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். நீ பக்கத்து அறையில இருந்தே."

"நான் கதவைச் சாத்திக்குவேன்," என்றார் கார்பீல்ட்.

மரண விசாரணை அதிகாரியிடம் தானே போய்ச் சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டார். இல்லையென்றால் மறுநாள் தான் சொல்லிவிடுவதாக வாஸ்பர் சொன்னார். கெட்டிலின் அடுப்பை அணைத்தது தெவிட்டாதான்.

திரும்பும் வழியெல்லாம் கரிந்த யூக்கலிப்டஸ் மரங்களில் பச்சைத் துளிர் விட்டிருந்தது. தெவிட்டா வண்டியை ஓட்டினான்.

"இனிமே ஊர்ல உங்களை யாரும் எதுவும் சொல்லமாட்டாங்க," என்றார் வாஸ்பர்.

"அவ என்ன நினைச்சிட்டுப் போனா? நான் கைவிட்டுட்டேன்னா?"

"இல்லை, ஆல்வின். அப்படி நினைச்சிருந்தா எதுக்கு மூடியைக் கழட்டறா? நீங்க அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்கன்னு அவளுக்கு நிச்சயமாத் தெரியும். கடைசி வரைக்கும் உங்களை நம்பினா."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆல்வின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நம்பாம இருந்திருந்தா," என்றார், "காரை எடுத்துக்கிட்டுப் போயிருப்பா."