எண் பதினான்கு, பின்கட்டு

கொள்ளுத்தாத்தாவின் பெயர் தவறான வரியில் இருந்தது.

வாட்ச் ரிப்பேர், எண் பதினான்கு என்ற வரியில் வேறு யாரோ. அதற்குக் கீழே, பூட்டு சாவி, எண் பதினான்கு, பின்கட்டு என்ற வரியில்தான் கொள்ளுத்தாத்தா. இருவருக்கும் ஒரே தகப்பன் பெயர்; மற்றவர் அண்ணனாக இருக்க வேண்டும்.

கொள்ளுத்தாத்தா வாட்ச் ரிப்பேர்க்காரர் என்று கண்டுபிடித்தவள் அக்கா. குடும்ப வரலாறு எழுதுகிறாள். உறவினர் கூடும் இடமெல்லாம் அவள் புராணம்தான். சொந்தமாக போட்டோ ஸ்டுடியோ, தங்கமான கணவர், சுருட்டை முடி மகள், போதாததற்கு இதுவும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் தங்கைக்கு வயிறு எரிந்தது. அக்கா பார்க்காத ஒன்றை எடுத்துக் காட்ட வேண்டும் என்றுதான் இந்த நூலகத்துக்கு வந்திருந்தாள்.

தெருத்தெருவாக, கதவு எண் வரிசையில், யார் என்ன தொழில் செய்தார் என்று வருடந்தோறும் அச்சிட்ட பழைய டைரக்டரிகள். தொட்டால் பொடி உதிர்ந்தது. பக்கங்களுக்குள்ளிருந்து ஈரத்துணி வாடை வந்தது. முந்தைய வருடத்தில் கொள்ளுத்தாத்தா பதினைந்தில் இருந்தார். அதற்கும் முன்னால் பதினேழில். ஒவ்வொரு வருடமும் அண்ணனை நெருங்கி வந்திருந்தார். பின்கட்டுக்கு அடுத்த வருடம், பதினான்கில் ஒரே வரி: வாட்ச் ரிப்பேர், கொள்ளுத்தாத்தா. அந்த அண்ணன் எந்தத் தெருவிலும் இல்லை.

இதைக் கேட்டால் அக்காவின் முகம் எப்படிப் போகும் என்று நினைக்கவே இனித்தது.

அலமாரியின் மூலையில், முதுகில் வருடம் இல்லாத ஒரு புத்தகம். நூலகரிடம் காட்டினாள்.

"இது எங்க லிஸ்ட்லயே இல்லயேம்மா" என்றார் அவர்.

அதில் அக்காவின் தெரு இருந்தது. போட்டோ ஸ்டுடியோ, எண் எட்டு, அக்காவின் பெயர். கீழே, லென்ஸ் வேலை, எண் எட்டு, பின்கட்டு. அவளுடைய பெயர்.

மூடி வைத்திருக்கலாம். கையில் பென்சில் இருந்தது. அக்காவின் பெயர்மேல் ஒரே ஒரு கோடு.

வெயில் தாழும் நேரத்தில் எட்டாம் எண் வாசலில் நின்றாள். சுருட்டை முடி ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"ஏம்மா இவ்ளோ லேட்டு?"

அக்கா எங்கே என்று பின்னால் வந்த அக்காவின் கணவரிடம் கேட்டாள்.

"எந்த அக்கா?" என்றார் அவர், அவள் பையை வாங்கிக்கொண்டே. "உனக்கு ஏது அக்கா?"

உள்ளே நுழைந்ததும் பின்கட்டிலிருந்து ஒரு குரல் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. தெரிந்த குரல். குழந்தை திரும்பவில்லை. அவரும் திரும்பவில்லை.

போய்ப் பின்கட்டுக் கதவைத் திறக்கலாம். நாலு எட்டு வைத்தால் போதும்.

குழந்தையின் கை சூடாக இருந்தது.

டி.வி. சத்தத்தைக் கூட்டினாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள். சுவரின் அந்தப் பக்கம் விரல்கள் தடவிக்கொண்டே வந்தன. மெதுவாக. அவள் முதுகுக்கு நேராக வந்து நின்றன.