வாளிக்காரர்

லா சப்பலில் எங்கள் சாப்பாட்டுக் கடைக்குப் பால் காய்ச்சிய அன்று மகள் மிருணாளினிக்குக் காய்ச்சல். ஐயர் குறித்துத் தந்த நல்ல நேரத்தைத் தவறவிடமாட்டேன் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். பிள்ளையைத் தூக்கி வந்து பின்னறையில் படுக்கவைத்தேன். அனலாகக் கொதித்தாள்.

கடையை வாடகைக்குத் தந்த மதாம் ஆலீஸ் வாசலில் நின்று பழங்கதை சொன்னார். லா சப்பல் பாரிசோடு சேராமல் தனிச் சிற்றூராக இருந்த காலத்தில், தீயணைக்கும் கைப்பம்பை இந்தக் கட்டடத்தில்தான் வைத்திருந்தார்களாம். தச்சர், கொல்லர், ரொட்டி சுடுபவர் என்று எல்லாரும் தொண்டர்கள், சம்பளம் கிடையாது. தேவாலய மணி அடித்தால் தோல் வாளியோடு ஓடிவர வேண்டும். ஒருமுறை பிந்தி வந்தார்கள். ஒரு வீடு பிள்ளைகளோடு எரிந்துபோனது.

"அதன்பிறகு அவர்கள் ஒருநாளும் பிந்தியதில்லை" என்றார். நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பேச்சு எதற்கு என்று எனக்கு எரிச்சல் வந்தது.

இந்த நல்ல நாளைக் கெடுக்க வந்திருப்பாரோ என்று என் சந்தேகமெல்லாம் மடுத்தீன் மேல். முன்பு இந்தக் கடையை நடத்திவிட்டு, காரணம் சொல்லாமல் விட்டுப் போனவர். இன்று கூப்பிடாமலே வந்து மூலையில் நின்றார்.

என் கணவர் குலசேகரம் அடுப்பை மூட்டினார். பால் பொங்குமுன் அணைந்தது. மறுபடி மூட்டினார். மறுபடி அணைந்தது. எங்கிருந்தோ ஈரத்தோல் நாற்றம் வந்தது.

குத்துவிளக்குத் திரியைத் தொட்டேன்.

சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசன்தான் ஏதோ செய்யுது."

"சும்மா இரும். ஆக்கள் பாக்கினம்" என்றார் குலசேகரம்.

நானே போய் மடுத்தீனை மறித்தேன். "ஏன் வந்தனீங்கள்?"

"சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான், தங்கச்சி. இஞ்சை வாளியோடை நிக்கினம். முதல்லை நெருப்பைத்தான் அணைச்சவை. பிறகு கையிலை வைச்சிருக்கிற தேத்தண்ணியைக்கூடக் குளிர வைச்சுப் போட்டினம். சூடே ஆகாது அவைக்கு."

கடையைத் திரும்பப் பிடிக்க நாடகம் போடுகிறார் என்று நினைத்தேன். அவர் அசையாதபடி முன்னால் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குலசேகரம் மூன்றாம் முறை மூட்டினார். இந்தமுறை அடுப்பு அணையவில்லை. பால் பொங்கி வழிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். கள்ளனைப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

அப்போது சப்பாத்துக் கால்கள் ஓடும் சத்தம் கேட்டது.

பலபேர்.

அடுப்படிக்கு வரவில்லை. எங்களைத் தாண்டிப் பின்பக்கம் போனார்கள்.

ஒருவரையும் காணவில்லை.

மடுத்தீனின் முகம் வெளிறியது. "தங்கச்சி," குரல் அடங்கியிருந்தது, "உள்ளை ஆரும் இருக்கினமோ?"

பின்னறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

ஓடினேன். மிருணாளினியின் தலைமுடி, சட்டை, தலையணை எல்லாம் தோய்ந்து கிடந்தன. நெற்றியில் கை வைத்தேன்.

காய்ச்சல் இல்லை.

சூடும் இல்லை.

"பிள்ளை, கண்ணைத் திற" என்று அவளை நெஞ்சோடு இறுக்கினேன். என் உடம்பின் சூடாவது அவளுக்குப் போகட்டும் என்று இறுக்கினேன்.

என் முதுகில் முதல் வாளித் தண்ணீர் விழுந்தது.