படித்துறையில் ஒரு பழுப்புத் திட்டு

பஞ்சில் வார்னிஷ் வாடை வரவில்லை. ஆற்றுச் சேற்றின் வாடை வந்தது. பழைய ஓவியங்களைத் துடைத்துச் சீர்செய்வது பதினெட்டு வருடமாக அவள் பிழைப்பு. எந்தப் படமும் இப்படி நாறியதில்லை.

அந்தி நேரத்துப் படித்துறை ஓவியம். கிட்டே பார்த்தால் வெறும் வண்ணத் தீற்றல்கள். பத்தடி தள்ளிப் போனால்தான் ஆறும் படிகளும், படகில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேரும் கண்ணுக்குத் தெரிவார்கள். மேல்படியை மட்டும் பிற்காலத்தில் யாரோ பழுப்புச் சாயத்தால் மூடியிருந்தார்கள். தூரிகைகூட இல்லை, விரலால். அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலம் என்று சிரித்துக்கொண்டாள். பின்னால் வந்தவர் பூசியதை எடுத்துவிட வேண்டும் என்பது தொழில் விதி. மூன்று நாளாகப் படத்தோடு மூக்கை ஒட்டிக்கொண்டு, ஒரு தடவைகூடத் தள்ளி நின்று பார்க்காமல், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். அப்பா அம்மா போனபிறகு அக்காவுக்கென்று இருந்தது இந்தத் தங்கை ஒருத்திதான்.

"அக்கா, கீழ வந்துட்டேன். மழை கொட்டுது. மஞ்சக் குடை கொண்டாந்திருக்கேன், இரு, மேல வர்றேன்."

கடைசிப் பழுப்பும் போயிற்று. முதுகை நிமிர்த்திப் பத்தடி பின்னால் நடந்தாள்.

படகு காலியாக இருந்தது. துடைத்தெடுத்த மேல்படியில் ஈரக் காலடித் தடங்கள்.

வெளியே தாழ்வாரத்தில் ஈரக் கால்கள் நிதானமாக, சொதசொதவென்று நடந்தன. போன் மறுபடி அடித்தது.

"அக்கா, உன் ரூம் வாசல்ல நாலு பேர் நிக்கறாங்க. தொப்பலா நனைஞ்சிருக்காங்க. யாருக்கா இவங்க?"

"ஓடுடி! கீழ ஓடிடு!"

"கையப் பிடிச்சுக்கிட்டாங்கக்கா..."

பிறகு போனில் தங்கை இல்லை. துடுப்புச் சத்தம். தண்ணீர்.

தன் வண்ணத் தட்டிலிருந்த பழுப்புச் சாயத்தை விரலால் வழித்தாள். மேல்படியில் அப்பினாள். மறுபடி அப்பினாள். படகில் யார் என்று தள்ளி நின்று பார்க்கவில்லை. துடுப்புச் சத்தம் நின்றது.

கதவைத் திறந்தாள். தாழ்வாரம் முழுக்கத் தண்ணீர். யாருமில்லை. தங்கையின் போன் மட்டும் தரையில் கிடந்தது.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தாள்.

படகில் நான்கு பேரும் இருந்தார்கள். உட்காரவில்லை, எழுந்து நின்றார்கள். அவள் மூடிய படிக்குக் கீழே, ஒரு மஞ்சள் தீற்றல்.

பஞ்சை எடுத்தாள். துடைத்தால் தங்கை மட்டுமா வருவாள்?

காயாத பழுப்பில், உள்ளிருந்து, ஐந்து விரல்கள் புடைத்தன.