கம்பியில் ஒரு கை

யாரும் கிதாரைத் தொடவில்லை. ஆனாலும் ஆம்பின் உறுமல் நின்றது.

பொன்னுராஜ் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆனந்தவல்லியின் வீட்டு முன்னறையில் விலை பேசிக்கொண்டிருந்தான். அவனுடைய பேஸ் கிதார் சுவரில் சாய்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு வயர் அவன் விலை பேசும் பழைய ஒலிபெருக்கிப் பெட்டிக்கு, அந்த ஆம்புக்குப் போயிற்று. எர்த் இல்லாத ஆம்ப் சும்மா இருக்கும்போது அடித்தொண்டையில் உறுமும். வாசிப்பவன் கம்பியில் கை வைத்ததும் அடங்கும், எடுத்ததும் மறுபடி உறுமும். கச்சேரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். இப்போது கம்பியில் எவர் கையும் இல்லை. செத்த நேரம் அமைதியாக இருந்துவிட்டு உறுமல் திரும்பி வந்தது. வயர் லூஸ் என்று நினைத்துக்கொண்டான்.

அப்படித்தான் நினைத்தாக வேண்டும். அவன் வாசிக்கும் இன்னிசைக் குழுவின் தலைவர் சௌந்தரபாண்டியன், பங்குனிப் பொங்கலுக்குச் சொந்த ஆம்ப் இல்லாமல் வந்தால் சிவகாசிக்காரனை மேடையேற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். நாளெல்லாம் மில்லில் நூலோடு மல்லுக்கட்டுகிற பொன்னுராஜுக்கு அந்த மேடையை விட்டால் பெருமைப்பட்டுக்கொள்ள வேறொன்றும் கிடையாது. புதிது வாங்க வக்கில்லை. செட்டியார்பட்டியில் பார்த்தது ஸ்பீக்கர் கோன் கிழிந்து கரகரத்தது. மதுரையில் பார்த்தது வீட்டுக்குள் வாசிக்கத்தான் ஆகும். இதில் அடிக்கம்பியைத் தட்டியபோது பீரோக் கதவு அதிர்ந்தது. அவன் நெஞ்சும் சேர்ந்து அதிர்ந்தது.

ப்ளக்கில் எர்த் பின்னை வெட்டியிருந்தார்கள். அதைக் காட்டிக் குறை சொன்னான். ஆனந்தவல்லி மறுபேச்சில்லாமல் விலையை இறக்கினாள். வாசித்தது அவள் வீட்டுக்காரராம். போன மழைக்காலத்தில் தவறிப்போனாராம். எப்படி என்று இவன் கேட்கவில்லை. கேட்டால் துக்கம் விசாரிப்பதிலேயே பொழுது போய்விடும். ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த அம்மாள் தன் வீட்டுக்குள்ளேயே, சாமி படங்களுக்கு முன்னாலேயே, ரப்பர் செருப்போடு நடந்தாள். திமிர் என்று நினைத்துக்கொண்டு ஆம்பைத் தூக்கினான்.

ராஜபாளையத்து வீட்டுக்கு அது வந்து சேர்ந்த பிறகு சாயங்காலங்கள் மாறிப்போயின. அது சூடேறச் சூடேற ரெக்சினும் தூசியும் வேகும் வாடை கிளம்பும். அதற்கு அடியில் முடி கருகிய வாடை ஒன்று மெல்ல ஊர்ந்து வந்து சோற்றுப் பானை வரைக்கும் போகும். உறுமல் தரைக்குள் இறங்கி, கட்டில் கால் வழியே ஏறி, படுத்திருப்பவர்களின் பல்லில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவன் மனைவி ஜெயசித்ரா தலையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிடுவாள்.

அவளைக் கேலி செய்வதில் அவனுக்கு ஒரு சுகம். ஒருநாள் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கம்பியில் வைத்தான். "சத்தம் பிடிக்கலைன்னா இப்பிடிக் கைய வையி, அடங்கிரும். இம்புட்டுதான்." உறுமல் அடங்கியது. சுருக்கென்று இழுக்கிறது என்று அவள் கையை உதறினாள். அவன் சிரித்தான்.

இரண்டொரு நாளில் அவளே வந்து சொன்னாள். "நீங்க குளிச்சிக்கிட்டு இருந்தீங்க. யாரோ அழுத்துன மாதிரி கம்பி உள்ள அமுங்குச்சு, சத்தம் நின்னுச்சு. என் கண்ணால பாத்தேன். அதக் கொண்டுபோய்க் குடுத்துருங்க."

அவனும் பார்த்திருந்தான். முந்தின ராத்திரி, அவன் எதிரிலேயே கம்பி அமுங்கிக் கிடந்தது. பயந்துதான் போனான். ஆனால் பார்த்தேன் என்றால் ஆம்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மேடை போய்விடும். பிரமை என்று அவளிடம் கூசாமல் பொய் சொன்னான்.

அவளுக்குத் தெரியாமல் ஆனந்தவல்லிக்குப் போன் போட்டான். கம்பி அமுங்குவதைச் சொன்னான்.

"எங்க வீட்டுல இப்பச் சத்தமே இல்ல தம்பி. நல்லாத் தூங்குதேன்." பிறகு சொன்னாள்: "ஒங்க வீட்டம்மாவச் செருப்புப் போட்டுக்கிடச் சொல்லுங்க. வீட்டுக்குள்ளயும்."

விளக்கேற்றுகிற வீட்டில் செருப்பா? அவனுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. போனை வைத்துவிட்டான். ஜெயசித்ராவிடம் இதைச் சொல்லவில்லை. ப்ளக்கைக் கச்சேரி முடிந்து மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். இனிச் சாயங்காலம்தான் வரும். கிதாரை வயரோடு மூலையில் சாய்த்துவிட்டு மில்லுக்கு ஓடினான். ஆம்பின் சுவிட்சை அணைக்க மறந்தான்.

திரும்பும்போது தெரு இருட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் விளக்கு வைக்கும் முன் வாசல்களைக் கழுவிவிட்டிருந்தார்கள், ஈரமண் மணந்தது. திடீரென்று தெருவிளக்குகள் எரிந்தன. அவன் வீட்டுக்குள் உறுமல் எழுந்தது.

உடனே அடங்கியது.

பொன்னுராஜுக்குச் சிரிப்பு வந்தது. பரவாயில்லை, பழகிக்கொண்டாள். போனை எடுத்தான். பங்குனிக்கு நீதான் என்று சௌந்தரபாண்டியன் அனுப்பியிருந்தார். அங்கேயே நின்று அதை மறுபடி மறுபடி படித்தான்.

உறுமல் திரும்பவில்லை.

கையை எடுத்தால் உறுமும். எடுக்கவில்லை. இன்னும் எடுக்கவில்லை.

ஓடினான்.

தரை முழுக்க ஈரம். வாளி. மாப்புத் துணி. முடி கருகும் வாடை. மூலையில் கிதாருக்கு முன்னால் ஜெயசித்ரா வெறுங்காலோடு மண்டியிட்டிருந்தாள். விரல்கள் கம்பிகளை இறுக்கிப் பிடித்திருந்தன. கண் திறந்திருந்தது. ப்ளக்கைப் பிடுங்கினான். விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அவள் அவன் காலடியில் சரிந்தாள்.

அப்போதுதான் தன் காலைப் பார்த்தான். ரப்பர் செருப்பைக் கழற்ற மறந்திருந்தான்.

ஜெயா என்று கூப்பிட்டான். மூச்சு இல்லை.

ப்ளக் அவன் கையில் தொங்கியது. ஆம்பில் விளக்கு அணைந்திருந்தது.

உறுமல் எழுந்தது.

மூலையில் தடித்த கம்பி உள்ளே அமுங்கியது. உறுமல் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை. பிறகு பக்கத்துக் கம்பியும் அமுங்கியது, மெலிந்த விரல்களின் அளவுக்கு. நின்றது.

அந்தக் கம்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.