கேக்குற ஆன்டெனா

"போகலாமா பிள்ள, திரும்பிருவமா?" சுக்கானைப் பிடித்தபடி கேட்டார் கஸ்பார் மாமா.

ஜெசிந்தா படகின் கூரையில் குந்தியிருந்தாள். அவள் முன்னால் அந்த வெள்ளை வட்டு ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி வானத்தைப் பார்த்துக் கிடந்தது. புத்தம் புதிய ஆன்டெனா. செயற்கைக்கோள் வழியாகக் கரையிலிருந்து வரும் செய்தியை வாங்கும். கைப்பேசி அதை வாய்விட்டுப் படிக்கும். ஆனால் இவள் சொல்லும் ஒரு சொல்லைக்கூட அது மேலே அனுப்பாது. கரை மறைந்து, கைப்பேசிக் கோபுரமும் கைவிட்ட பிறகுதான் இது தெரிந்தது.

தப்பு யாருடையது? தமிழுடையது என்றுதான் சொல்ல வேண்டும். மீனவர் சங்கத்துக் கடையில் இரண்டு வகை ஆன்டெனா இருந்தது. ஒன்று வாங்க மட்டும். மற்றது வாங்கவும் அனுப்பவும். அவசரத்தில் ஜெசிந்தா போனிலேயே, "எங்களுக்குக் கேக்குற ஆன்டெனா வேணும்" என்று சொல்லிவிட்டாள். இங்கிருந்து ஒன்று கேட்டால் அங்கிருந்து பதில் வர வேண்டும் என்பது அவள் எண்ணம். கடைக்காரர் அதைக் காதால் கேட்பது என்று எடுத்துக்கொண்டு, காது மட்டும் உள்ளதைப் பூட்டி அனுப்பிவிட்டார். இரண்டு கேட்பதற்கும் நடுவில் ஒரு கடலே கிடக்கிறது என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள்.

அந்தக் கடலில் எங்கோ அவள் அண்ணன் தொனாத்து மிதந்துகொண்டிருந்தான். ஊர்க் கோயிலுக்கு வெண்கல மணி ஏற்றிவந்து மூழ்கிப்போன பழைய தோணியைத் தேடித் தனியாகக் கிளம்பிப் போனவன். மணி கிடைத்துவிட்டது; எஞ்சின் நின்றுவிட்டது. அவன் படகில் இருந்தது இருவழி ஆன்டெனா. பேட்டரிதான் சாகக் கிடந்தது. கரையில், சங்கத்து அறையில், அவன் மனைவி லெத்தீசியா உட்கார்ந்து இரண்டு படகுக்கும் செய்தி தட்டிக்கொண்டிருந்தாள். மீட்புக் கப்பல் வெகு தொலைவிலிருந்து வர வேண்டும். பக்கத்தில் இருந்தது இவர்கள் மட்டும்.

"திரும்பிப் போயி மாத்திட்டு வந்தா அரை நாளு போயிரும் மாமா. மதினி சொல்லுறது நமக்குக் கேக்குதுல்லா? போங்க."

"நமக்கு ஒண்ணு ஆனா யாருக்கும் தெரியாது, பாத்துக்க."

"தெரியாதுதான். போங்க."

கடல் அன்று எண்ணெய் தடவிவிட்ட மாதிரி அசையாமல் கிடந்தது. வானமும் தண்ணீரும் ஒரே வெளுப்பு. எது மேலே, எது கீழே என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. படகு போகிறதா, தூக்கத்தில் போவதாகத் தோன்றுகிறதா என்றே ஜெசிந்தாவுக்குச் சந்தேகமாக இருந்தது. அந்த வெளுப்புக்குள்ளிருந்து, தமிழைக் கடித்துக் கடித்துப் பேசும் இயந்திரப் பெண் குரல் அவ்வப்போது இறங்கி வந்தது. முதலில் அண்ணன் இருக்கும் இடத்தைச் சொன்னது. பிறகு, "பிள்ளை தூங்கிட்டான்." கொஞ்சம் கழித்து, "மீன் குழம்பு வச்சேன். யாரும் தொடலை." அப்புறம், "ஜெசி, இருக்கியா?"

"இருக்கேன் மதினி" என்று ஜெசிந்தா வானத்தைப் பார்த்துச் சொன்னாள். கஸ்பார் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெயில் ஏறியபோது அந்தக் குரல் வேறு செய்தி கொண்டுவந்தது. "படகுல தண்ணி ஏறுதாம். உங்க அண்ணன் கேனுகளைக் கட்டி மிதவை பண்ணிட்டாக. யாரும் வரலைன்னு நினைச்சு எறங்கப் போறாக. நீ வந்துகிட்டிருந்தா ஒரே ஒரு எழுத்து போடு ஜெசி. படகை விடாதீகன்னு பிடிச்சு வைக்கிறேன்."

ஜெசிந்தா "வாரோம்" என்று தட்டினாள். போகவில்லை. மறுபடி தட்டினாள். வட்டைக் கையால் குத்தினாள். நாக்கு நுனியில் இருக்கும் ஒரு சொல்லால் அண்ணனைக் காப்பாற்றலாம், அதைச் சொல்ல வாயில்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"எறங்கிட்டாக. பேட்டரியும் போச்சு" என்றது குரல், வானிலை படிப்பது போல.

அவள் கண்ணைத் துடைத்தாள். தண்ணீர் கேனைப் பாதி காலி செய்து, மூடிக் கடலில் வீசினாள். அது கொஞ்சம் தயங்கிவிட்டுத் தெற்கே நகர்ந்தது.

"மாமா, படகு இருக்குற எடத்துக்குப் போவாண்டாம். தண்ணி அண்ணனை எங்க இழுக்குதோ அங்க முந்திப் போயிருவோம்."

போனார்கள். அங்கே ஒன்றுமில்லை. வெக்கையில் கடல்மேல் புகைபோல ஏதோ படர்ந்து, நாலு படகு தூரத்துக்கு அப்பால் எல்லாம் கரைந்துவிட்டது.

"எஞ்சினை நிறுத்துங்க."

நிறுத்தினார். அப்படி ஓர் அமைதியை ஜெசிந்தா அறிந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். வெகு தூரத்தில், கனவின் அடியில் கேட்பது போல, மெல்ல ஒரு 'டங்'.

கஸ்பார் மாமா சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே, கடலுக்குள்ள பூசைக்கு மணியடிக்காவ."

கொஞ்சம் ஓட்டி, நிறுத்திக் கேட்டு, மறுபடி ஓட்டினார்கள். வெளுப்புக்குள்ளிருந்து நீலக் கேன்கள் தெரிந்தன. அவற்றின்மேல் தொனாத்து. படகை விட்டாலும் மணியை விடவில்லை, பிடிவாதக்காரன். செம்பளவே இருந்த அந்தப் பச்சையேறிய மணியை மடியில் வைத்து ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தான்.

"யாருக்குக் கேக்கும்னு அடிச்ச அண்ணே?"

"தெரியலட்டி. சும்மா இருக்க முடியல."

கரையில் ஊரே நின்றது. மணியைக் கையில் வாங்க ஆளாளுக்கு முந்தினார்கள். லெத்தீசியா புருஷனைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரே ஜெசிந்தாவிடம் வந்தாள்.

"ஏட்டி, ஒரு எழுத்து போட்டிருக்கலாம்லா? ரெண்டு பேரையும் கடலுக்குக் குடுத்துட்டேன்னுல்லா இருந்தேன்."

ஜெசிந்தா சமாதானம் சொல்லவில்லை. "பிள்ளை தூங்கிட்டான். மீன் குழம்பு வச்சேன், யாரும் தொடலை. ஜெசி, இருக்கியா" என்று ஒவ்வொன்றாக, வந்த வரிசையிலேயே சொன்னாள். லெத்தீசியா ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். படகில் இருக்கிறவளுக்குக் காது போதும், கரையில் இருக்கிறவளுக்கு அது போதவே போதாது என்பது ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த முறை கடைக்குப் போனது லெத்தீசியா. ஆன்டெனாவின் பெயரெல்லாம் சொல்லவில்லை, "நான் அனுப்பினா அவ பதில் போடணும், அதைக் குடுங்க" என்றாள். படகு கிளம்பிக் கரை மறைந்ததும் சங்கத்து அறையில் முதல் செய்தி வந்து விழுந்தது.

"மதினி, சோறு ஆக்கியாச்சா?"

"ஆக்கியாச்சு" என்று தட்டினாள் லெத்தீசியா. "வா."