சக்கரத்துக்கு ஒரு ஜெபம்

எப்சியின் அண்ணன் கிறிஸ்டோ கார் வாங்கினான். வாங்கிய மறுநாளே பின் சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டான்.

அப்பா ஜெபதுரை அதில் உட்கார்ந்து பார்த்தார். "சோபா நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு சோபாவுக்காக எதுக்குலே கார் வாங்குன?"

ராஜபாளையத்தில் கார் வாங்குபவர்கள் சீட்டுக்கு உறை போடுவார்கள். சீட்டையே எடுத்தவன் கிறிஸ்டோ ஒருவன்தான். எடை குறைந்தால் கார் லேசாக ஓடும் என்றான்.

கோயம்புத்தூர் பக்கம் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பணம் கட்டி, யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை அதில் ஓட்டலாம். அங்கே ஒரு சுற்றாவது ஓட்ட வேண்டும் என்பது கிறிஸ்டோவின் பள்ளிக்கூடத்து ஆசை. மில் வேலைக்குப் போனதிலிருந்து அதற்காகத்தான் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மொதப் பரிசு என்னலே?" என்று கேட்டார் எதிர்வீட்டு கருத்தப்பாண்டி.

"பரிசு கிடையாது அண்ணாச்சி."

"அப்ப ஜெயிக்கிறவனுக்கு?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க. அவனவன் காரை அவனவன் ஓட்டிட்டு வந்துருவான்."

கருத்தப்பாண்டி தெருக்கோடியைக் கைகாட்டினார். "அதை நம்ம தென்காசி ரோட்லயே ஓட்டிட்டு வந்துரலாமே!"

"ரோட்ல ஆளுக போவாங்கல்லா? வேகமா ஓட்டுறதுக்குன்னே இருக்கிற இடம் அண்ணாச்சி அது."

காரைத் தேர்ந்தெடுத்ததில் எப்சிக்கும் பங்கு உண்டு. தளவாய்புரத்தில் ஒரு சிவப்புக் காரைப் பார்த்ததும் கிறிஸ்டோ வாயைத் திறந்துகொண்டு நின்றான். அதன் பின்பக்கம் இறக்கை மாதிரி ஒரு பலகை இருந்தது. சத்தமும் நிறைய இருந்தது. எப்சி மட்டும் குனிந்து காருக்கு அடியில் பார்த்தாள்.

"அண்ணே, இது ஒழுகுது. இறக்கை ஒழுகலை. இன்ஜின்தான் ஒழுகுது."

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீச்சர் வைத்திருந்த சின்ன வெள்ளைக் கார் கிடைத்தது. பழசுதான். ஆனால் இறக்கையும் இல்லை, ஒழுகலும் இல்லை. எந்த ஊரில் கேட்டாலும் உதிரிப்பாகம் கிடைக்கும். மிச்சமான பணத்தில் நல்ல டயர், லேசான சக்கரங்கள், கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த பிரேக் கட்டைகள் எல்லாம் போட்டாயிற்று.

புதுச் சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே, உள்ளே ஒரு வட்டத் தகடு பளபளத்தது. கிறிஸ்டோ அதைக் காட்டினான்.

"ஓடுறது பெருசில்ல. நிக்கணும். இந்தக் கட்டைக தகட்டை அமுக்கிப் பிடிச்சாத்தான் கார் நிக்கும். என் உசுரே இந்தத் தகட்டுலதான் இருக்கு."

வாசலில் நின்ற அம்மா அன்னத்தாய் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தடத்தில் ஓட்ட கிறிஸ்டோ பணம் கட்டியிருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாஸ்டர் வந்து, காரின் முன்பக்கம் கைவைத்து ஜெபித்தார். வேறொரு வீட்டுக்கும் போக வேண்டியிருந்ததால் சீக்கிரம் ஆமென் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அது போதவில்லை. பாஸ்டர் போனதும், கோயிலில் ஜெபித்துக் கொடுத்திருந்த ஜெப எண்ணெய்ப் பாட்டிலோடு காருக்கு அருகில் வந்தார்.

"ஏட்டி எப்சி, பாட்டிலைப் பிடி. அண்ணன்ட்ட சொல்லிராத. கிண்டல் பண்ணுவான்."

கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முன் சக்கரத் தகடு இரண்டிலும் நன்றாகத் தடவினார். பின் சக்கரத்தில் தகடு தெரியவில்லை. அதற்கு வெறும் ஜெபம் மட்டும்.

பாட்டிலில் கொஞ்சம் மீதி இருந்தது. நம்ம சைக்கிள் மட்டும் என்ன பாவம் செய்தது என்று எப்சி நினைத்தாள். அதன் சக்கர விளிம்பிலும் தடவினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் எப்சி சைக்கிளில் கண்மாய்க்கரைச் சரிவில் இறங்கினாள். கீழே வீரணனின் மாம்பழ வண்டி நின்றது. பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் நிற்கவில்லை. மாம்பழ வண்டிதான் அதை நிறுத்தியது.

"ஏட்டி! பிரேக்குன்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?" என்று கத்தினார் வீரணன்.

"பிடிச்சேன் அண்ணாச்சி. அதுதான் பிடிக்கலை."

வீரணன் விளிம்பைத் தொட்டு, விரலை முகர்ந்தார். "இதுல எண்ணெய் விட்டா எப்படிப் பிடிக்கும்? எந்தக் கோட்டிக்காரன் விட்டான்?"

எப்சிக்கு அண்ணன் காரின் தகடு நினைவுக்கு வந்தது. சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, முழங்காலில் ரத்தம் வழிய வீட்டுக்கு ஓடினாள்.

கோயம்புத்தூருக்குக் கிளம்ப கிறிஸ்டோ காரில் ஏறி இன்ஜினை ஓடவிட்டிருந்தான். அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். எப்சி காருக்கு முன்னால் போய் நின்றாள்.

"விலகு ஏட்டி. நேரமாச்சு."

"போகாதண்ணே. பிரேக் பிடிக்காது."

"புதுக் கட்டை போட்டிருக்கேன். உனக்கு என்ன தெரியும்?"

எப்சி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றார். எப்சிக்கு அழுகை வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள். "தகட்டுல எண்ணெய் இருக்குண்ணே. நாங்கதான் தடவுனோம். ஜெப எண்ணெய்."

கிறிஸ்டோ நம்பவில்லை. அவளை நகரச் சொல்லிவிட்டு, காரை மெதுவாக உருட்டிப் பிரேக்கை மிதித்தான். கார் நிதானமாகப் போய் கருத்தப்பாண்டி வீட்டுப் பூந்தொட்டியை உடைத்துவிட்டு நின்றது.

"பரிசு கிடையாதுன்ன. இது கிடைக்கும்னு சொல்லலையேலே?" என்றார் கருத்தப்பாண்டி.

கிறிஸ்டோ இறங்கிப் போனை எடுத்தான்.

மெக்கானிக் சங்கையா போனிலேயே சொல்லிவிட்டார். தகட்டைத் துடைத்துவிடலாம். ஆனால் கட்டைகள் எண்ணெயைக் குடித்துவிட்டன, மாற்றத்தான் வேண்டும். அந்தச் சாமான் இங்கே கிடைக்காது. வருவதற்குள் ஞாயிறு முடிந்துவிடும்.

கிறிஸ்டோ அம்மாவிடம் வந்தான். "வேணும்னேதான செஞ்ச? நாளைக்கு நான் ஓட்டப் போகாம கோயில் ஆராதனைக்கு வரணும்னுதான?"

 அம்மா பொட்டலத்தைக் காரின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டோ கோயிலுக்கும் போகவில்லை. முன்னறையில் கழற்றிப் போட்ட சீட்டில் உட்கார்ந்து, போனில் மற்றவர்கள் தடத்தில் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் புளிச்சோற்றை யாரும் தொடவில்லை.

கோயிலிலிருந்து வந்த அம்மா அடுப்படியில் எப்சியை நிறுத்தினார். "நீ சொன்னதுல தப்பு இல்லட்டி. ஆனா ஒண்ணு சொல்லு. நான் அதை எங்கதான் தடவியிருக்கணும்?"

எப்சி யோசித்தாள். "ஸ்டீயரிங்ல தடவுனா வழுக்கும். கண்ணாடில தடவுனா ரோடு தெரியாது. டயர்ல தடவவே கூடாது." பிறகு பாட்டிலில் மீந்திருந்த எண்ணெயை எடுத்து நீட்டினாள். "அண்ணன் தலையில தடவும்மா. அது ஒண்ணும் கெட்டுப்போகாது."

அம்மா உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு முன்னறைக்குப் போனார். கிறிஸ்டோவுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். பிறகு அவன் உச்சந்தலையில் கையை வைத்தார்.

அவன் திரும்பவில்லை. போனில் ஒரு சிவப்புக் கார் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. எண்ணெய் அவன் காதோரம் வழிந்தது.  கிறிஸ்டோ அதைத் துடைக்கவில்லை.