பதினோரு மணிக்கு விழிக்கும் கார்

மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப் வாசலை அடைத்தபடி ஒரு வெள்ளைக் கார் நின்றது. வாங்கி எட்டு மாதம்கூட ஆகாத வண்டி. உள்ளே இருந்தவள் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினாள்... அமுக்கினாள்... டிக் டிக் என்றதோடு சரி.

வயர் என்று எல்லோரும் கூப்பிடும் இளைஞன் குடை இல்லாமலேயே போய்க் கண்ணாடியைத் தட்டினான். ஆள் ஒல்லி, தொழில் கார் எலக்ட்ரீஷியன். ஒர்க்‌ஷாப் முதலாளியான அவன் அக்கா புருஷன் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

"வண்டிய எடுங்க. வழி மறிக்குது."

கண்ணாடி இறங்கவில்லை. பேட்டரி செத்த வண்டியில் எப்படி இறங்கும்? அவள் உள்ளிருந்தபடியே அவனைப் பார்த்தாள். பெரிய கண்கள்... மழைநீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் பெரிதாகத் தெரிந்தன. எப்படியும் கேட்கப்போவதில்லை என்ற தைரியத்தில் அவன் முணுமுணுத்தான்.

"அழகாத்தான் இருக்கு. மூளைதான் இருக்கற மாதிரி தெரியல."

கதவு திறந்தது.

"நான் ஆஸ்பத்திரில காது டெஸ்ட் பண்றவ. காது கேக்காதவங்களோட பழகிப் பழகி, உதட்டப் பாத்தே படிச்சிடுவேன். முதல் பாதிக்கு தேங்க்ஸ். ரெண்டாவது பாதிய இன்னொரு தடவ சொல்லுங்க."

அவன் நேராக பானெட்டைத் திறந்தான். பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதைப் போட்டுக் கொடுத்தான்.

மூன்று வாரத்தில் அதுவும் செத்தது. வயர் போய் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தான். பத்தே நாளில் மறுபடியும்...

"செத்ததையே கழுவித் தொடச்சு வித்தீங்களா?" என்றாள் போனில்.

வயருக்குச் சுருக்கென்றது. அவன் கையால் போட்ட பேட்டரியை இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்த ஒரு பெருமையைத் தவிர அவனிடம் வேறு சொத்தும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கரண்ட் அளக்கும் மீட்டரோடு அவள் வீட்டுக்கே போய் நின்றான்.

"வண்டியப் பூட்டிட்டு சாவிய வீட்டுக்குள்ள தூரமா வச்சிட்டு வாங்க. புது வண்டிங்க எல்லாம் பூட்டின உடனே தூங்காது. உள்ள இருக்கற கம்ப்யூட்டர் ஒண்ணொண்ணா அணைய அரை மணி நேரம் ஆகும். சாவி பக்கத்துல இருந்தா முழிச்சுக்கும். அது தூங்கின பிறகும் கரண்ட் குடிச்சுதுன்னா, எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்."

மீட்டரைப் பேட்டரியில் மாட்டியாயிற்று. கார் ஷெட்டில் இரண்டு ஸ்டூல்கள். இருவரும் காரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடம் போனது.

"பேட்டரி எவ்ளோ நாள் வரும்?" என்று கிசுகிசுத்தாள்.

"நாலு வருஷம்," என்று இவனும் கிசுகிசுத்தான்.

"நீங்க ஏன் மெதுவா பேசறீங்க?"

"நீங்க பேசினீங்களே."

"வண்டி தூங்கணும்னு சொன்னீங்கல்ல..."

"அதுக்குக் காது கிடையாது மேடம். உங்க தொழில் இங்க செல்லாது."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததில் வயர் மீட்டரைப் பார்க்க மறந்தான். அரை மணி கழித்து மறுபடி பார்த்தபோது எண் தரையைத் தொட்டிருந்தது. சொட்டு ஒழுகல் இல்லை.

"வண்டி சுத்தம். பேட்டரியும் சுத்தம். நீங்க இல்லாத நேரத்துல வீட்ல யாரோ வண்டியத் தொடறாங்க."

சிரிப்பு பட்டென்று நின்றது. "யாரோன்னா? வீட்ல மொத்தமே மூணு பேரு. அப்பாவுக்கு நூலகமும் பேப்பரும்தான் உலகம். அம்மாவுக்கு கார்னாலே நடுக்கம். உங்க பேட்டரிய காப்பாத்த எங்க வீட்டு ஆளுங்க மேல பழியா?"

அவன் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைப் பேட்டரியில் மாட்டிவிட்டுக் கிளம்பினான். அடுத்த ஞாயிறு வந்து எடுத்துப் பார்த்தான். காலை பதினொன்றிலிருந்து பதினொன்றே முக்கால் வரை, வாரத்தில் நாலு நாள், வண்டி மொத்தமாக விழித்திருந்தது. விளக்கு, வைப்பர், எல்லாம். இன்ஜின் மட்டும் ஓடவில்லை. காலையில் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகும் அவள், சாயங்காலம் தன் கிளினிக்குக்குப் பத்து நிமிடம் வண்டி ஓட்டினால் அந்த நஷ்டம் எப்படி ஈடாகும்?

அவளிடம் மூச்சு விடவில்லை. கையும் களவுமாகப் பிடித்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தான். செவ்வாய்க்கிழமை பதினொன்று ஐந்துக்கு அந்த வீட்டு கேட்டைத் தள்ளினான்.

ஓட்டுநர் சீட்டில் அவள் அம்மா. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, அசையாத வண்டியில் இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி... தம்பி, யார்கிட்டயும் சொல்லிடாதப்பா."

"என்னம்மா இது?"

"அடுத்த வெள்ளிக்கிழம லைசென்ஸ் டெஸ்ட். வாரத்துல ரெண்டு நாள் டிரைவிங் ஸ்கூல், மீதி நாள் வீட்டுப்பாடம். பழகுநர் லைசென்ஸ் அரிசி டப்பாக்குள்ள இருக்கு. இருபது வருஷத்துக்கு முன்னாடி ஓட்டிப் பழகறேன்னு காம்பவுண்டு சுவர இடிச்சேன். வர்றவன் போறவனுக்கெல்லாம் காபியோட சேத்து அந்தக் கதையத்தான் குடுக்கறாரு என் பொண்ணோட அப்பா. அவளும் கூடச் சேந்து சிரிப்பா. இப்ப தெரிஞ்சா சிரிச்சே என்னை உக்கார வச்சிடுவாங்க."

"அதுக்கு பேட்டரி சாகணுமாம்மா?"

"பேட்டரிக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்? நான்தான் பெட்ரோலே செலவு பண்ணலயே."

வயர் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். தன் பெயரைக் காப்பாற்ற ஒரு வரி போதும். அந்த வரி இந்த அம்மாவின் தலையில் விழும்.

அன்று மாலை அவளுக்குப் போன் செய்தான்.

"வீட்ல யாரும் தொடல. பேட்டரிதான் சரியில்ல. என் தப்பு. மாத்தித் தரேன்."



"அப்ப அன்னிக்கு அவ்ளோ உறுதியா சொன்னது?"

"தெரியாமச் சொல்லிட்டேன்."

"உங்கள தொழில் தெரிஞ்சவர்னு நம்பினேன். மாத்தவெல்லாம் வேண்டாம். இனிமே கம்பெனிலயே காட்டிக்கறேன்... நீங்க வர வேண்டாம்."

அன்று இரவு வயருக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா ஜுரமா என்று தொட்டுப் பார்த்தாள்.

ஆனாலும் மறுநாள் பதினோரு மணிக்குப் போனான். பேட்டரியில் சின்ன சார்ஜர் ஒன்றை மாட்டினான். பழகி முடித்ததும் அதை வீட்டு பிளக்கில் செருகி, சாயங்காலம் மகள் வருவதற்குள் கழற்றி ஒளித்து வைக்க அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தான். வைப்பரையும் விளக்கையும் சும்மா போடக் கூடாது என்றான். "வீட்டுப்பாடத்துக்கு வாத்தியார் வேண்டாமாப்பா?" என்று அவர் கேட்டபோது மறுக்க முடியவில்லை. பக்கத்து சீட்டில் ஏறினான்.

டெஸ்டுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரி மெஷின் பழுதாகி, மகள் மதியத்துக்கு முன்பே வீடு திரும்பினாள். ஷெட்டில் கார் நின்றது. இண்டிகேட்டர் மினுக்கியது. மேலே உள்ள கைப்பிடியை உயிரைப் பிடிப்பதுபோலப் பிடித்தபடி வயர் கத்திக்கொண்டிருந்தான்.

"எதிர்ல லாரி வருதும்மா... பிரேக்... பிரேக்... போச்சு, இடிச்சிட்டீங்க."

"லாரிக்காரன் ஹாரன் அடிக்கலயேப்பா," என்றார் அம்மா. பிறகுதான் மகளைப் பார்த்தார்.

அம்மா மெல்ல இண்டிகேட்டரை அணைத்தார். அப்புறம் அம்மாவே எல்லாவற்றையும் சொன்னார், அரிசி டப்பா உட்பட. மகள் சிரிக்கவில்லை. காம்பவுண்டு சுவர் கதைக்கு எத்தனை தடவை சிரித்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பவள்போலக் குனிந்து நின்றாள். "நாளைக்கு லீவு போட்டுட்டு கூட வரேன்மா," என்றாள்.

பிறகு வயரைத் தனியே அழைத்தாள்.

"தொழில் தெரியாதவர்னு திட்டினேன். வாங்கிக்கிட்டு சும்மா இருந்தீங்க."

"அம்மாவுக்கு வாக்கு குடுத்துட்டேன்."

"சரி. சார்ஜர் மாட்டினதோட பிரச்சன தீந்துது. அதுக்கப்புறமும் ஒரு வாரமா எதுக்கு வந்துக்கிட்டே இருந்தீங்க?"

வயர் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான்.

"இந்த வீட்டுக்கு வர எனக்கு வேற வழி தெரியல... நீங்க இல்லாத நேரந்தான். இருந்தாலும் உங்க செருப்பு வாசல்ல கிடக்கும். நீங்க குடிச்ச டம்ளர் ஜன்னல்ல இருக்கும். அது போதும்னு தோணிச்சு. வண்டி சரியாயிடுச்சுன்னா அதுவும் போயிடும்... எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

அவள் கண்கள் அவனை விட்டு நகரவில்லை. கன்னம் மட்டும் சிவந்தது.

"எனக்கு செருப்பப் பாத்துட்டுப் போற ஆள் வேண்டாம்," என்றாள் மெதுவாக. "நான் இருக்கும்போது வாங்க. வண்டி நல்லா ஓடினாலும் வாங்க."

வயர் வாயைத் திறந்தான். அதற்குள் வெள்ளைக் கார் உறுமிக்கொண்டு உயிர்பெற்றது. ஜன்னல் கண்ணாடி இறங்கியது. அம்மா தலையை வெளியே நீட்டினார்.

"பேசினது போதும், ஒருத்தர் பக்கத்துல ஏறுங்க. நான் ரிவர்ஸ் எடுக்கப்போறேன். எடுத்து முடிக்கற வரைக்கும் இன்னொருத்தர் பின்னாடி நிக்காதீங்க."